ஒரே அலமாரியைத் தாண்டிப் படிப்பதும், படித்ததைப் பற்றி எழுதுவதும்

"பத்து வருடமாக க்ரைம் நாவலும் சரித்திர நாவலும்தான் படிக்கிறேன். வேறு வகைகளுக்குப் போக ஆசை. ஆனால் எதை எடுத்தாலும் ஐம்பது பக்கத்தில் நின்றுவிடுகிறது. பல வகைகளில் நல்ல புத்தகங்களை எப்படித் தேடுவது? படித்ததைப் பற்றி மற்றவர்களுக்குப் பயன்படும்படி எப்படி எழுதுவது?" இதுதான் உங்கள் கேள்வி.

இதே இடத்தில் நின்ற ஒருவரின் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், பட்டியல் சாதாரணமாகவா இருக்கும்? முதலியார் அசையவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தோரணையில் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்கிறார். இவர் படித்ததில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் அவர் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்து, 1887இல் சிந்தாமணி அச்சாகிறது, அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வருகின்றன.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கேட்டவர் தமிழாசிரியர் இல்லை, நீதிமன்ற அதிகாரி என்பது. சாமிநாதையரைச் சுற்றி இருந்த புலவர்கள் எல்லோரும் அவர் படித்ததையே படித்தவர்கள். ஆயிரம் வருடம் கூடவே இருந்தாலும் அவர்களிடமிருந்து அந்தக் கேள்வி வந்திருக்காது. நாமும் அப்படித்தான் செய்கிறோம். நம் ரசனையுள்ளவர்களிடமே போய் "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்கிறோம். உங்களுக்கு நெருக்கமானவர்களில், நீங்கள் தொடவே தொடாத வகையை விரும்பிப் படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். அவரிடம் "நல்ல புத்தகம் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் பெரிய பெயர்களைச் சொல்லிவிடுவார்கள். "நீங்கள் இரண்டாவது தடவை படித்த புத்தகம் எது?" என்று கேளுங்கள். பதில் உண்மையாக இருக்கும்.

கேட்பதற்கு ஆளில்லை என்றால் கிளை நூலகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகங்கள் உங்களுக்காகத்தான் அங்கே இருக்கின்றன. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் உழைத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலக விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இரண்டாவதாகச் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அலமாரியில் ஒரு புத்தகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பது அழகான நினைப்பு. நூலகத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது, திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்கிவைக்கும் மேசையை. அலமாரியில் நாவல், வரலாறு, அறிவியல் என்று பிரித்துவைத்திருப்பார்கள். அந்த மேசையில் எல்லாம் கலந்து கிடக்கும். ஊர் என்ன படிக்கிறது என்று தெரியும்.

சரி, உங்கள் கையில் இருக்கும் சரித்திர நாவலிலிருந்தே வழி போடலாம். பொன்னியின் செல்வனை எப்படியும் படித்திருப்பீர்கள். அதிலிருந்து காவிரிக் கரையை விட்டு விலகாமலே ஐந்தாறு வகைகளுக்குப் போய் வரலாம்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதானே கதையின் முடிச்சு? காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடியில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் முதலியவர்களின் பெயரைச் சொல்லி, அவர்களின் உறவினர்கள் வரை நிலத்தைப் பறிமுதல் செய்ததைப் பேசுகிறது. நாவலில் வரும் ரவிதாசன் இங்கிருந்து வந்தவன். நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை, அவள் கல்கியின் கற்பனை. இதைத் தெரிந்துகொள்ள தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றை எடுத்தால் நீங்கள் வரலாற்று நூலுக்குள் போய்விட்டீர்கள். க்ரைம் நாவல் படித்துப் பழகியவருக்கு அந்தப் புத்தகம் வறட்சியாக இருக்காது. இது தடயம், இது ஊகம் என்று அவர் பிரித்துப் பேசும் முறை உங்களுக்குப் பழக்கமானதுதான்.

அங்கிருந்து ஆற்றோடு நடக்க ஆசை வந்தால் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. குடகில் தொடங்கிக் கடல் சேரும் இடம் வரை போகிற பயண நூல். பெயரே சிலப்பதிகாரக் கானல்வரியிலிருந்து வந்தது. அதில் ஜானகிராமன் ஊரையும் மனிதரையும் பார்க்கும் விதம் பிடித்தால் அடுத்து அவருடைய நாவல் மோகமுள். கும்பகோணத் தெருக்கள், பாபு, யமுனா, ரங்கண்ணாவின் தம்புராச் சுருதி. கொலை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு ஆள் தன் ஆசையோடு பல வருடம் போராடுவதுதான் கதை. நீங்கள் ஐம்பது பக்கத்தில் நிற்கிற வகையும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊருக்கும் ஆற்றுக்கும் ஏற்கெனவே பழகிவிட்டு வருகிறீர்கள் இல்லையா, அந்த அறிமுகம் உங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதே கும்பகோணத்துக்கு ஐம்பது அறுபது வருடம் முன்னால் போனால் நான் முதலில் சொன்ன சாமிநாதையரின் தன்வரலாறு, 'என் சரித்திரம்'.

அதே ஆறு, அதே வயல், ஆனால் வேறு கண். 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்திரா பார்த்தசாரதி அதைப் பின்னணியாக வைத்துக் குருதிப்புனல் எழுதினார். சோலை சுந்தரபெருமாள் செந்நெல் எழுதினார். தஞ்சை விவசாயிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக்கினார். சோழநாட்டின் பெருமையைப் பேசும் ஐந்து பாகங்களைப் படித்த கையோடு இவற்றையும் படித்தால், அந்த நெல்லை விளைவித்தது யார் என்ற கேள்வி இயல்பாகவே வந்துவிடும். ஒரு வகை இன்னொரு வகைக்குக் கேள்வி போடுவது இப்படித்தான். பட்டியல் பார்த்துப் படிக்கிறவருக்கு இந்த அனுபவம் கிடைப்பதில்லை, அதனால்தான் பட்டியலை நான் முதல் வழியாகச் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதும் நல்ல வழி. தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ஆரோக்கிய நிகேதனத்தை வங்காளத்திலிருந்து த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்திருக்கிறார். நாடி பிடித்தே மரணத்தைச் சொல்லிவிடும் வைத்தியரின் கதை. சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட இந்திய மொழி நாவல்களில் இதுபோல நிறைய இருக்கின்றன. பின்னட்டையும் அச்சும் எளிமையாக இருப்பதால் கடையில் கண்ணில் படுவதில்லை. புத்தகக் காட்சிக்குப் போனால் அந்த அரங்குகளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சென்னையில் 1977 முதல் நடப்பது பொங்கலை ஒட்டி வரும், ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கும், இப்போது பெரும்பாலான மாவட்டங்களிலும் வருகிறது. முதல் நாள் போய் எதையும் வாங்காமல் பதிப்பகங்களின் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் குறியுங்கள். பதிப்பகத்தின் விலைப்பட்டியல்போல ஒரு மொழியின் வகைகளைக் காட்டும் பக்கங்கள் வேறு எதிலும் இல்லை. சூழலியல், மருத்துவம், நாட்டார் வழக்காறு, நாடகம் என்று நாம் எட்டிப் பார்க்காத தலைப்புகள் எல்லாம் அதில்தான் கண்ணில் படும்.

அச்சில் இல்லாதவற்றுக்கு இணையம் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற மின்னூல் தளத்தில் பழைய இலக்கியங்கள் கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற இணையதளம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்துபோன நிலத்திலிருந்து வந்த முயற்சி அது. டொமினிக் ஜீவா நடத்திய மல்லிகையின் பழைய இதழ்களைப் புரட்டினால், தமிழ்நாட்டுப் பட்டியல்களில் வராத எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

இனி, ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்பதற்கு வருகிறேன். விமர்சனம் எழுதுவதும் இதோடு சேர்ந்ததுதான். ஒவ்வொரு வகையும் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. மாத நாவல் "உன்னை இரண்டு மணி நேரம் எழுந்திருக்க விடமாட்டேன்" என்கிறது. தன்வரலாறு "நான் பார்த்ததைச் சொல்கிறேன், மெதுவாகக் கேள்" என்கிறது. ஒன்றின் வாக்கை இன்னொன்றிடம் எதிர்பார்த்தால் ஐம்பது பக்கத்தில் அலுப்பு வரத்தான் செய்யும். புது வகையில் முதல் புத்தகத்தை எடுக்கும்போது, முதல் இருபது பக்கத்தில் இது என்ன தரப்போவதாகச் சொல்கிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அப்புறம் அதைத் தருகிறதா என்று பாருங்கள். தரவில்லை என்று தெரிந்தால் தயங்காமல் மூடிவிடலாம். தருகிறது, ஆனால் எனக்குத்தான் இப்போது வேண்டாம் என்றால் எடுத்து வைத்துவிட்டு அடுத்த வருடம் பாருங்கள்.

அந்த ஒரு வரிதான் உங்கள் மதிப்புரையின் முதல் வரியும்.

க்ரைம் நாவலைப் பற்றி எழுதும்போது கொலையாளி யார் என்று சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது. முடித்த கையோடு முதல் மூன்று அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள். முடிச்சை அவிழ்க்கும் தடயம் அங்கே வாசகன் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கிறதா, இல்லை கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு அண்ணன் வந்து இறங்குகிறானா? இதுதான் அந்த வகையின் நேர்மை. அப்புறம், அது எப்படி வெளிவந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். மாத நாவலுக்குப் பக்கம் இவ்வளவுதான், தேதி இதுதான். அந்த எல்லைக்குள் ஒருவர் இடத்தையும் தொழிலையும் எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறார் என்று பார்க்கலாம். "பாத்திரங்களில் ஆழம் இல்லை" என்று ஒரே வரியில் தள்ளுவது, பஸ் ஸ்டாண்டு டீயில் டிகிரி காபியின் மணம் இல்லை என்பது போன்ற குறை.

சரித்திர நாவலுக்கு, எது ஆதாரம், எது ஊகம், எது கற்பனை என்று மூன்றாகப் பிரித்து எழுதினாலே வாசகருக்குப் பெரிய உதவி. கற்பனை இருப்பது குறை இல்லை. அதை வரலாறுபோல நம்பவைத்து வாசகரை ஏமாற்றுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதிய சமூக நாவலுக்கு இன்னும் கடினமான கேள்வி உண்டு. குருதிப்புனல் வந்தபோது, நிலக்கிழாரின் தனிப்பட்ட உடற்குறையைக் காரணமாகக் காட்டி, கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. 1977இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு, புத்தகத்தை உங்கள் கண்ணால் படித்து, நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சரிதான் என்று எழுதுகிற மதிப்புரையால் யாருக்கும் பயன் இல்லை. என்னைக் கேட்டால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்பேன். ஆனாலும் படிக்காமல் விடக்கூடாத நாவல் அது.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் சொல்லுங்கள். ஒரு உரையாடலை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் மொழிபெயர்ப்பின் தரம் தெரிந்துவிடும். கவிதைத் தொகுப்புக்கு நீண்ட விளக்கம் வேண்டாம், சில வரிகளை எடுத்துக் காட்டி உங்களுக்கு என்ன நடந்தது என்று சொன்னால் போதும்.

சமையல் புத்தகத்தை யாரும் மதிப்புரைக்கு எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்து இன்றுவரை வீடுகளில் புழங்குகிறது. இத்தனை தலைமுறை பிரிந்து போகாமல் கூடவே வந்த தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை இருக்கும்? அதைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். மூன்று பதார்த்தம் செய்து பார்த்து, அளவு சரியாக வந்ததா, புதிதாகச் சமைக்கிறவருக்குப் புரிகிறதா என்று எழுத வேண்டும். சிறுவர் நூலுக்கும் அப்படித்தான். ஒரு குழந்தையிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கீழே வைக்கிறது, எந்தப் படத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டுகிறது என்று பார்க்காமல் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

எல்லா வகைக்கும் பொதுவாக ஒன்று. பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். முதல் பதிப்பு எப்போது, உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது, முழுப் பதிப்பா, சுருக்கப் பதிப்பா. நான் ஒரு பழைய நாவலைப் பற்றி, முடிவு அவசரமாக இருக்கிறது, இரண்டு பாத்திரங்கள் காரணமே இல்லாமல் காணாமல் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். சில மாதம் கழித்து ஒரு வீட்டில், வாரப் பத்திரிகையிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்துத் தைத்து பைண்டு செய்துவைத்திருந்த அதே தொடர்கதையைப் பார்த்தேன். அந்த இரண்டு பாத்திரங்களும் அதில் இருந்தார்கள். என் கையில் இருந்தது சுருக்கப் பதிப்பு, புத்தகத்தில் அது எங்கும் குறிப்பிடப்படவில்லை. நானும் சரிபார்க்கவில்லை. ஆசிரியர் செய்யாத தவறுக்கு அவரைக் குறை சொல்லிவிட்டேனே என்று இன்றும் வருந்துகிறேன். தொடர்கதையாக வந்த நாவல் என்றால் இன்னொன்றும் உண்டு. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் வந்தது, மணியத்தின் ஓவியங்களோடு. நாம் ஒரே மூச்சில் படிக்கும்போது "முன்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரே" என்று தோன்றும் இடம், போன வாரத்தை மறந்துபோன வாசகருக்காக எழுதியது.

எப்படி எழுதுவது என்பதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரிகள் இருக்கிறார்கள். க.நா. சுப்ரமண்யம், 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பு வைத்தே நூல் அறிமுகங்கள் எழுதினார். தன் ரசனையை நம்பி, சுருக்கமாக, வாசகரைப் புத்தகத்தை நோக்கித் தள்ளிவிடுவது அவர் முறை. 1959இல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. படைப்பை வரி வரியாகப் பிரித்து அலசி, ஏன் நன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்து க. கைலாசபதி, எழுதப்பட்ட சமூகத்தையும் வர்க்கத்தையும் விட்டுவிட்டுப் படைப்பைப் பேச முடியாது என்றார். மூவரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள். நீங்கள் க.நா.சு.வைப்போலத் தொடங்குங்கள், "எனக்குப் பிடித்தது" என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். அடுத்த பத்தியில் செல்லப்பா பக்கத்தில் உட்கார்ந்து "எந்த வரியில்?" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள். கைலாசபதியின் கேள்வி எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தாது, பொருந்துகிற இடத்தில் தவிர்க்கவும் கூடாது.

கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று கட்டாயம் எழுதுங்கள். ஒருவர் முந்நூறு, நானூறு ரூபாய் கொடுத்து வாங்குவதற்கு முன்னால் நம்மிடம் கேட்பது அதைத்தான்.

உங்களுக்கு முதல் புத்தகமாக நான் சொல்வது 'என் சரித்திரம்'. க்ரைம் வாசகர் என்பதால்தான் சொல்கிறேன். ஏடு எந்த மடத்தில் இருக்கிறது, எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்று அவர் ஊர் ஊராகப் போய்த் தேடுவதும், ஒரு ஏட்டில் இருக்கும் பாடத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு உண்மையான வரி எது என்று கண்டுபிடிப்பதும் துப்பறியும் வேலையேதான். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே 1942இல் அவர் மறைந்துவிட்டார், அதனால் முற்றுப்பெறாத நூல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். கும்பகோணத்தில் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் அத்தியாயத்தைத் தேடி எடுத்து, அங்கிருந்து முன்னோக்கிப் போங்கள். சிந்தாமணி அச்சாகும் வரை படித்துவிட்டால், அவருடைய பிள்ளைப் பருவத்தைத் தெரிந்துகொள்ள நீங்களே முதல் பக்கத்துக்குத் திரும்பி வருவீர்கள்.